பாலைவனம் யாருக்கு வெறுமை?

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பனிட்ட எழுத்து வடிவம். பேச்சின் நடுவே சொன்ன கிளைக்கதைகள் சிலவும் இறுதியில் நடந்த கேள்வி-பதிலும் விடப்பட்டுள்ளன.)



'நவீன இலக்கியத்திலும் தத்துவத்திலும் பாலைவனம்' என்று அழைப்பிதழில் படித்துவிட்டு வந்தவர்களில் பாதிப்பேர் நான் பாலைத் திணையில் தொடங்குவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மீதிப்பேர் எலியட்டில் தொடங்குவேன் என்று நினைத்திருப்பீர்கள். இரண்டையும் இப்போதே சொல்லி முடித்துவிடுகிறேன். தொல்காப்பியர் பாலைக்குத் தனி நிலம் ஒதுக்கவில்லை. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் தம் இயல்பு கெட்டால் பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் தரும் விளக்கம். ஆனால் அந்தப் பாலையில் எயினர் இருக்கிறார்கள், கொற்றவை இருக்கிறாள், செந்நாயும் கள்ளியும் இருக்கின்றன. கருப்பொருள் இல்லாத திணையை நம் இலக்கணம் கற்பனை செய்யவே இல்லை. 1922இல் வந்த எலியட்டின் 'பாழ்நிலம்' லண்டனைப் பற்றிய கவிதை. பாறையும் வறட்சியும் அதில் ஒரு பெருநகரத்தின் மனநிலைக்கு இரவல் வாங்கிய பொருட்கள். இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் இன்றைய பேச்சு.

என் வாதம் இதுதான். நவீன இலக்கியம் பாலைவனத்தை வெறுமையின் குறியீடாக்கியது. அந்த வெறுமை அங்கே கிடந்த சரக்கு அல்ல. நகரத்தில் உட்கார்ந்து எழுதியவர்களும், நகரத்திலிருந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களும் கொண்டுபோய் இறக்கியது. இலக்கியத்துக்கு அந்த உரிமை உண்டு என்று விட்டுவிடலாம்தான். ஆனால் குறியீடு புத்தகத்தோடு நிற்கவில்லை. ஆட்சியாளர்களும் நிறுவனங்களும் அதையே பார்வையாகக் கொண்டு அந்த நிலத்தின்மேல் காரியம் செய்திருக்கிறார்கள்.

1. நகரத்தில் பிறந்த பாலைவனம்

நீட்சேயிடமிருந்து தொடங்குவோம். 1883இல் வந்த 'இவ்வாறு பேசினான் ஜரதுஷ்ட்ரா'வின் முதல் பாகத்தில் மனம் மூன்று உருமாற்றம் அடைகிறது. சுமை தாங்கும் ஒட்டகமாகப் பாலைவனத்துக்குள் போகிறது, தனிமையின் உச்சத்தில் சிங்கமாகிறது, பிறகு குழந்தையாகிறது. நான்காம் பாகத்தில், பாலைவனம் பரவுவதைப் பற்றியும் அதைத் தன்னுள் சுமப்பவனுக்கு நேரும் கேட்டைப் பற்றியும் ஒரு வரி வருகிறது. இருபதாம் நூற்றாண்டுத் தத்துவத்தில் பாலைவனம் என்ற படிமம் எங்கே தலைகாட்டினாலும் பின்னணியில் இந்த வரி இருக்கும்.

நான் சொல்ல வருவது வேறு. நீட்சே பாலைவனத்தைக் கண்ணால் பார்த்ததே இல்லை. 1881 வசந்த காலத்தில் நண்பர் ஒருவருடன் துனிசுக்குப் போய்ச் சில காலம் முஸ்லிம்களிடையே தங்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். ஐரோப்பாவை வெளியிலிருந்து பார்க்கும் கண் அப்போது கிடைக்கும் என்பது அவர் எண்ணம். அதே நேரத்தில் பிரெஞ்சுப் படை துனிசியாவுக்குள் புகுந்தது, பயணம் நின்றுபோனது. அவருடைய பாலைவனம் சில்ஸ்-மரியாவின் ஏரிக்கரையிலும் ஜெனோவா, நீஸ் நகரங்களின் வாடகை அறைகளிலும் உருவானது. அந்தப் பயணத்தைத் தடுத்தது ஒரு காலனியப் படையெடுப்பு என்பதை நீட்சே ஆய்வாளர்கள் அடிக்குறிப்பாகக் கடந்துவிடுகிறார்கள். என் கணக்கில் அது அடிக்குறிப்புக்குரிய செய்தி அல்ல. தத்துவவாதிக்குப் பாலைவனம் சிந்தனையாகக் கிடைத்த அதே மாதங்களில் அவருடைய கண்டம் அதை நிலமாக எடுத்துக்கொண்டிருந்தது.

அடுத்தவர் டினோ புஸ்ஸாட்டி. அவருடைய 'தார்த்தாரியரின் பாலைவனம்' 1940இல் வந்தது. ஜொவான்னி ட்ரோகோ என்ற இளம் அதிகாரி எல்லைக் கோட்டை ஒன்றில் பணியேற்கிறான். கோட்டைக்கு வடக்கே வெறும் பாலை. அங்கிருந்து என்றாவது எதிரி வருவான், வந்தால் வாழ்க்கைக்குப் பொருள் கிடைக்கும் என்று காத்திருக்கிறான். ஆண்டுகள் போகின்றன, தலை நரைக்கிறது. கடைசியில் எதிரி உண்மையிலேயே வரும்போது அவன் நோயாளி. படுக்கை அறை தேவைப்படுகிறது என்று கோட்டையிலிருந்து அவனை அனுப்பிவிடுகிறார்கள். இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று புஸ்ஸாட்டியே சொல்லியிருக்கிறார். மிலான் நகரின் 'கொரியெரே தெல்லா சேரா' நாளிதழில் இரவுப் பணி பார்த்தவர் அவர். தினமும் அதே மேசை, அதே வேலை. பக்கத்தில் இருப்பவர்கள் கிழவர்களாகிக்கொண்டிருக்கிறார்கள். செய்தி அறையின் அலுப்புதான் கோட்டை முன்னே விரியும் பாலைவனமாயிற்று. நாளிதழில் இரவு ஷிப்ட் பார்த்தவர்கள் இந்த அவையில் யாராவது இருந்தால் தலையாட்டுவார்கள்.

இன்னும் விசித்திரம் காம்யு. 1939இல் வந்த 'மணவிழா' தொகுப்பின் கடைசிக் கட்டுரைக்குப் பெயர் 'பாலைவனம்'. அல்ஜீரியாவில் பிறந்தவர் ஆயிற்றே, சஹாராவைப் பற்றி எழுதியிருப்பார் என்று நினைத்துப் பிரித்தால் உள்ளே இருப்பது இத்தாலியின் தஸ்கனி: பிளாரன்ஸ் ஓவியங்கள், மடங்கள், தோட்டங்கள். நம்பிக்கையைக் கைவிட்ட தெளிவுக்கு அவர் வைத்த பெயர் அது. அரை நூற்றாண்டு தள்ளி, 'அமெரிக்கா' என்ற நூலில் போத்ரியார் நெடுஞ்சாலையில் கார் ஓட்டியபடியே கலிபோர்னியா, நெவாடாப் பாலைகளைக் கோட்பாடாக்குகிறார். கார்க் கண்ணாடி வழியே பார்த்தால் எந்த ஊரும் கோட்பாடாகிவிடும். அவரிடம் அதிகம் தங்க வேண்டியதில்லை.

2. கடந்துபோனவர்கள்

நேரில் போனவர்கள் என்ன கண்டார்கள்? இதைக் கேட்குமுன் ஒரு சிறு புவியியல். சஹாராவின் பரப்பு ஏறத்தாழ 90 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் மணற்குன்றுகள் கால் பங்குதான். மற்றதெல்லாம் கல்தரை, சரளை, மலை, வறண்ட ஆற்றுப்படுகை. நம் கண்முன் விரியும் அலையலையான மணல், புகைப்படக்காரர்களும் திரைப்படக்காரர்களும் தேர்ந்தெடுத்த கால் பங்கு. நேரில் போனவர்களில் இஸபெல் எபெர்ஹார்ட் என்ற பெண் எழுத்தாளர் ஆண் உடையில், ஆண் பெயரில் அல்ஜீரியப் பாலையில் அலைந்து எழுதியவர். 1904இல், 27 வயதில், அய்ன் செஃப்ராவில் காட்டாற்று வெள்ளத்தில் மூழ்கி இறந்தார். பாலைவனத்தில் மரணம் என்றால் தாகம் என்று மட்டும் எண்ணுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காம்யு 1957இல் வெளியிட்ட கதைத்தொகுப்பில் 'விசுவாசம் மீறிய பெண்' என்று ஒரு கதை. துணி வியாபாரியான கணவனோடு ஜானின் தெற்கு அல்ஜீரிய ஊர் ஒன்றுக்குப் பேருந்தில் போகிறாள். கோட்டையின் மேல்தளத்திலிருந்து பார்க்கும்போது தொலைவில் நாடோடிகளின் கறுப்புக் கூடாரங்கள் தெரிகின்றன. இரவில் தனியாக எழுந்து மறுபடி அங்கே ஓடுகிறாள். வானமும் வெளியும் அவளை நிறைக்கின்றன. அருமையான கதை, மறுப்பில்லை. ஆனால் அந்தக் கூடாரத்துக்காரர்கள் பக்கத்தில் வந்து ஒரு வார்த்தை பேசினால் கதை உடைந்துவிடும். ஜானினுக்குக் கிடைக்கும் விடுதலைக்கு அவர்கள் புள்ளிகளாகவே இருந்தாக வேண்டும். பேருந்தில் உடன் வந்த அரேபியர்களும் வழிநெடுக வாயே திறக்கவில்லை. பால் பௌல்ஸின் 'விதானமாய் வானம்' நாவலிலும் இதே கணக்குத்தான்: அமெரிக்கத் தம்பதி தங்கள் வெறுமையைத் தேடிச் சஹாராவின் உள்ளே உள்ளே போகிறார்கள், அங்குள்ளவர்கள் அந்த நாடகத்தின் பின்திரை.

இந்த வரிசையில் செந்த்-எக்சுபெரியைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. 1935 டிசம்பர் 30 விடியுமுன், பாரீஸ்-சைகோன் விரைவுப் பயணத்தில் அவருடைய விமானம் லிபியப் பாலைவனப் பரப்பில், எகிப்தின் பக்கம், மோதி நொறுங்கியது. அவரும் இயந்திரவியலாளர் பிரெவோவும் உயிர் தப்பினார்கள், தண்ணீர்தான் இல்லை. விமான இறக்கையில் படிந்த பனியைத் துணியால் ஒற்றிப் பிழிந்து, பெயின்டும் எண்ணெயும் கலந்த அந்தத் திரவத்தைக் குடித்தார்கள். அந்த நிலையில், சாவு நிச்சயம் என்று தெரிந்த பிறகும், மணலில் ஒரு காலடித் தடத்தைப் பின்தொடர்ந்து போகிறார் எக்சுபெரி. அது பெனெக் என்ற சிறு பாலைவன நரியின் தடம். குட்டையான செடிகள் தள்ளித்தள்ளி நிற்கின்றன. அவற்றின் கிளைகளில் சின்னஞ்சிறு நத்தைகள். நரி எல்லாச் செடியிலும் வாய் வைப்பதில்லை. வைத்த செடியிலும் இரண்டு மூன்றைத் தின்றுவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது. ஒரே செடியை மொட்டையடித்தால் நத்தை இனம் அழியும், நத்தை அழிந்தால் நரியும் அழியும் என்று அவர் கண்டுகொள்கிறார். நாக்கு வீங்கிய ஒருவன் இதைக் குறித்துவைத்திருக்கிறான் என்பதை எண்ணிப் பாருங்கள். அவர்களைக் காப்பாற்றியது ஒட்டகத்தில் வந்த ஒரு பெதூயின். 1939இல் வந்த 'மனிதர்களின் பூமி'யில் இதெல்லாம் இருக்கிறது. 1943இல் வந்த 'குட்டி இளவரசன்' கதையில் நரி வந்து பேசுவதற்கு முன்னால், ஒரு நிஜ நரியின் இரவு உணவு இருந்தது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். சார்ல் த ஃபூக்கோ, முன்னாள் பிரெஞ்சுப் படை அதிகாரி, துறவியாகி 1905இல் தமன்ராசெத்தில் குடியேறினார். கடவுளைத் தவிர வேறொன்றும் இல்லாத இடம் தேடிப் போனவர் அவர். ஆனால் 1916இல் கொல்லப்படும்போது விட்டுச்சென்றது அங்குள்ள துவாரெக் மக்களின் மொழிக்கான பெரிய அகராதி. பிற்பாடு நான்கு தொகுதிகளாக அச்சானது. அந்த மக்களின் கவிதைகளையும் வாய்மொழியாகக் கேட்டு எழுதிவைத்தார். அவை தனியாக இரண்டு தொகுதிகள். காலனிய ராணுவத்தோடு அவருக்கிருந்த உறவு பற்றிய குற்றச்சாட்டு நியாயமானதுதான். ஆனாலும் நான்கு தொகுதிச் சொற்கள் ஒரு வெற்றிடத்தில் விளைவதில்லை. 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அதே மேடையில், அதே நாளில், புனிதராக அறிவிக்கப்பட்ட இன்னொருவர் நம் குமரி மாவட்டத்து நட்டாலம் தேவசகாயம் பிள்ளை.

3. தங்கியவனுக்குத் தண்ணீர் தெரிகிறது

கடந்துபோகிறவன் குடியிருப்பவனாக மாறும் கணத்தை ஒரு நாவல் துல்லியமாகப் பிடித்திருக்கிறது. 1962இல் வந்த கோபோ அபேயின் 'மணல்மேட்டுப் பெண்'. பள்ளி ஆசிரியரான நிக்கி ஜும்பெய் பூச்சி பிடிக்கக் கடலோர மணல்மேட்டுக்குப் போகிறான். ஊரார் அவனைத் தந்திரமாக ஒரு மணற்குழிக்குள் இறக்கி, அங்கே தனியாக வாழும் பெண்ணோடு விட்டுவிடுகிறார்கள். ஒவ்வோர் இரவும் மணலை அள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் வீடு புதையும். இதைக் காம்யுவின் சிசிபஸோடு ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுவது நம் துறைகளில் வழக்கம். அந்த ஒப்பீடு நாவலின் பின்பகுதியைப் படிக்கவிடாமல் செய்கிறது. ஜும்பெய் காக்கை பிடிக்க மணலில் ஒரு வாளியைப் புதைத்துப் பொறி வைக்கிறான். காக்கை சிக்கவில்லை. ஆனால் ஒருநாள் வாளியில் தண்ணீர் நிற்கிறது. மணலின் நுண்துளைகள் வழியே கீழிருந்த ஈரம் மேலே ஏறி வந்திருக்கிறது. அதன் பிறகு தப்பிக்க ஏணி கிடைக்கிறது, அவன் போகவில்லை. இந்தத் தண்ணீர்ச் செய்தியை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்ற ஆசை அவனைப் பிடித்துக்கொள்கிறது. சொல்வதானால் அந்த ஊர்க்காரர்களிடம்தான் சொல்ல வேண்டும். அவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும்.

அபேயின் கதாநாயகன் தற்செயலாகக் கண்டதை ராஜஸ்தான் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். இந்தி எழுத்தாளர் அனுபம் மிஸ்ரா 1995இல் எழுதிய 'ராஜஸ்தானின் வெள்ளித் துளிகள்' நூலில் குயீன் என்ற ஒடுங்கிய கிணற்றை விவரிக்கிறார். தார்ப் பாலைவனத்தின் சில பகுதிகளில் மணலுக்கு அடியில் ஜிப்சம் பட்டை ஓடுகிறது. அதற்குக் கீழே இருக்கும் நிலத்தடி நீர் உப்பு. பெய்யும் சிறிது மழை அந்தப் பட்டையைத் தாண்டிக் கீழே போக முடியாமல் மணலிலேயே ஈரமாகத் தங்குகிறது. களிமண் காய்ந்தால் வெடிப்பு விடும். ஈரம் வெடிப்பு வழியே ஆவியாகிவிடும். மணல் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை, ஆகையால் வெடிப்பதும் இல்லை. நாம் எதைப் பாலைவனத்தின் சாபம் என்கிறோமோ அந்த உதிரித்தன்மைதான் அங்கே ஈரத்தைப் பூட்டிவைக்கிறது. ஆள் ஒருவர் குந்தி உட்காரும் அகலத்தில் குழி தோண்டுகிறார்கள். உள்ளே காற்றுப் புழுங்கும். மேலே நிற்பவர்கள் கைப்பிடி கைப்பிடியாக மணலை வேகமாக எறிவார்கள். அதோடு புதுக்காற்று கீழே போகும், சூடான காற்று மேலே ஏறும். மணல் மண்டையில் விழாதபடி தோண்டுபவர் தலையில் உலோகக் கவசம் மாட்டியிருப்பார். சுவர் சரியாமல் இருக்கப் புல்லில் திரித்த கயிற்றை வளையம் வளையமாகச் சுற்றிக்கொண்டே இறங்குவார். இவ்வளவும் செய்தால் நாளைக்கு இரண்டு மூன்று குடம் நீர் ஊறும். ஜெய்சால்மரின் ஆண்டு மழை சராசரியாக 200 மில்லிமீட்டர் அளவில்தான். ஆனாலும் உலகில் மக்கள் நெருக்கம் மிகுந்த பாலைவனங்களில் ஒன்று தார்.

4. உள்ளிருந்து வந்த எழுத்து

இப்ராஹிம் அல்-கோனி 1948இல் லிபியாவின் துவாரெக் இனத்தில் பிறந்தவர். அரபு மொழியைப் பன்னிரண்டு வயதில்தான் கற்றார். மாஸ்கோவின் கார்க்கி இலக்கிய நிறுவனத்தில் படித்தார். ஃபூக்கோ அகராதி தொகுத்தாரே, அந்த மக்களின் உலகத்தை அரபு நாவலுக்குள் கொண்டுவந்தவர் அல்-கோனி. அவருடைய 'கல்லில் கசியும் குருதி' 1990இல் வந்தது. ஆசூஃப் என்ற ஆடு மேய்ப்பவன் மலைக் கணவாயில் தனியாக வாழ்கிறான். அவன் தொழத் தொடங்கும் நேரம் பார்த்து ஆட்டுக்கடாக்கள் அவன் முன்னால் வந்து முட்டிக்கொள்கின்றன. நாவலே அந்தச் சேட்டையில்தான் தொடங்குகிறது. பாலைவனத்தில் தனியாக நிற்கும் மனிதனுக்கு ஐரோப்பிய நாவல் உடனே ஒரு தத்துவச் சிக்கலைக் கொடுக்கும். அல்-கோனி அவனுக்கு அடங்காத ஆடுகளைக் கொடுக்கிறார்.

கணவாயின் பாறைகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுப் பழமையுள்ள ஓவியங்கள். சஹாரா புல்வெளியாக இருந்த காலத்தின் சாட்சிகள் அவை. தொல்லியல் துறை அவற்றுக்கு ஆசூஃபையே காவலன் ஆக்குகிறது. பாறையில் தீட்டப்பட்ட வாத்தான் என்ற காட்டாடு மலையில் உயிரோடும் உலவுகிறது. ஆசூஃபின் தந்தை அதை வேட்டையாடுவதில்லை என்று எடுத்த உறுதியை மீறி இறந்தவர். ஆசூஃபே ஒருமுறை மலை விளிம்பில் தொங்கி, அந்த விலங்காலேயே உயிர் பிழைத்தவன். அப்புறம் காயீன் என்பவன் வருகிறான். ஒருநாள்கூட இறைச்சியில்லாமல் இருக்க முடியாதவன். வாகனமும் துப்பாக்கியும் கொண்டு மான்களைத் தீர்த்துவிட்டான். இப்போது வாத்தான் எங்கே என்று கேட்கிறான். ஆசூஃப் சொல்ல மறுக்கிறான். ஓவியப் பாறையிலேயே கட்டப்பட்டுக் கொல்லப்படுகிறான். மழை தொடங்குகிறது.

எக்சுபெரியின் நரிக்கும் இந்தக் காயீனுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. நான் கவனப்படுத்த விரும்புவது வேறொன்று. இந்த நாவலில் பாலைவனம் எதற்கும் குறியீடு இல்லை. அங்கே இருக்கும் ஒவ்வொன்றுக்கும் கடன் உண்டு, ஒப்பந்தம் உண்டு, மீறினால் தண்டனை உண்டு. ஐரோப்பியர் விடுதலை தேடிப் போன அதே வெளி, அங்கே பிறந்தவனுக்குக் கட்டுப்பாடு மிகுந்த இடம். எல்லையில்லாச் சுதந்திரம் என்ற பேச்சே வந்துபோகிறவர்களின் பேச்சு.

அப்துல்ரஹ்மான் முனிஃப் வேறு மாதிரி. எண்ணெய்ப் பொருளாதாரத்தில் பெல்கிரேடில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1963இல் சவூதிக் குடியுரிமை பறிக்கப்பட்டவர். அவருடைய 'உப்பு நகரங்கள்' 1984இல் தொடங்கி ஐந்து தொகுதிகளாக வந்தது. சவூதி அரேபியாவில் தடை செய்யப்பட்டது. முதல் தொகுதியில் வாதி அல்-உயூன் என்ற சோலை. பயண வணிகக் கூட்டங்கள் தங்கிப்போகும் ஊர், ஊற்று, பேரீச்ச மரங்கள். எண்ணெய் தேடி அமெரிக்கர்கள் வருகிறார்கள். இயந்திரங்கள் மரங்களைப் பிடுங்கி எறிகின்றன. மித்தெப் அல்-ஹத்தால் என்ற மூத்தவர் எதிர்க்கிறார், பிறகு ஒட்டகமேறி மறைந்துவிடுகிறார். அந்த இடம் எண்ணெய் நிறுவனம் வந்த பிறகுதான் வெறும் மணலாகிறது.

இந்த நாவலுக்கு 1988இல் ஜான் அப்டைக் ஒரு மதிப்புரை எழுதினார். தனிமனிதன் ஒருவனின் அறப் போராட்டம் இதில் இல்லை, ஆகவே நாம் நாவல் என்று சொல்வதன் இலக்கணத்துக்குள் இது வரவில்லை என்பது அவருடைய குறை. 1992இல் அமிதவ் கோஷ் இதற்கு நல்ல பதில் சொன்னார். அப்டைக்கின் குறை எனக்கு ஒருவகையில் உதவியானது. பாலைவனத்தில் ஒற்றை மனிதன் நிற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நவீன வாசகரிடம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஓர் ஊரே நின்றால் அவருக்கு அது நாவலாகத் தெரியவில்லை.

5. அரெண்ட் எங்கே தள்ளி வைத்தார்

தத்துவத்துக்குத் திரும்புவோம். 1951-52இல் நடத்திய வகுப்புகளில் ஹைடெக்கர் நீட்சேயின் அந்த வரியை எடுத்துக்கொண்டார். இருப்பதை அழிப்பதைவிட, இனி எதுவும் வளராதபடி பாழாக்குவது கொடியது என்று அதற்கு விரிவுரை செய்தார். ஆழமான பேச்சு. யார் பாழாக்கினார்கள் என்ற கேள்வி மட்டும் அதில் எழவில்லை. நாஜிக் கட்சியோடு அவருக்கிருந்த தொடர்பை அறிந்தவர்களுக்குக் காரணம் புரியும்.

அவருடைய மாணவி ஹன்னா அரெண்ட் 1955இல் பெர்க்லியில் நடத்திய பாடத்தின் முடிவுரை, அவர் இறந்து நெடுநாள் கழித்து 2005இல் அச்சில் வந்தது. சில பக்கங்கள்தான். நீட்சே பாலைவனம் பரவுவதை முதலில் கண்டவர், ஆனால் அது நமக்குள்ளே இருக்கிறது என்று நினைத்தது அவருடைய பிழை என்கிறார் அரெண்ட். பாலைவனம் மனிதருக்கு உள்ளே இல்லை. மனிதருக்கும் மனிதருக்கும் நடுவில் இருக்க வேண்டிய பொது உலகம் வற்றிப்போன இடம் அது. உள்ளே இருக்கிறது என்று நம்பினால் மனநல ஆலோசனை கேட்டு, பாலைவனத்துக்கு ஏற்ப நம்மைப் பழக்கிக்கொள்வோம். பழகிக்கொண்டபின் அதை மாற்ற வேண்டும் என்ற எண்ணமே வராது. சர்வாதிகார இயக்கங்களை அவர் மணற்புயலோடு ஒப்பிடுகிறார்: எல்லாம் அசைவற்றுக் கிடக்கும் இடத்தில் திடீரென்று ஒரு போலிச் செயல்வேகம். நட்பு, காதல், கலை ஆகியவை சோலைகள்; ஆனால் தப்பிப்பதற்காக மட்டும் சோலைக்குள் நுழைந்தால் காலில் ஒட்டிய மணலையும் கூடவே கொண்டுவருவோம் என்று எச்சரிக்கிறார்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தப் படிமத்தைத் தனிமனித நெஞ்சிலிருந்து பிடுங்கி அரசியலில் நட்டவர் அரெண்ட்தான். என் வாதத்தின் முதல் பாதிக்கு அவரைவிடச் சிறந்த துணை இல்லை. ஆனால் அவருக்கும் பாலைவனம் என்றால் சாவுதான். அங்கே மனிதர்கள் குடியிருக்கிறார்கள், கிணறு வெட்டுகிறார்கள், தங்களுக்குள் சட்டம் வைத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு அந்தப் பக்கங்களில் எங்கும் இல்லை. குயீன் தோண்டும் குழுவைவிடத் திடமான பொது உலகம் எங்கே இருக்கிறது? கீழே ஒருவர் உயிரோடிருப்பது மேலே நிற்பவர் எறியும் மணலைப் பொறுத்தது.

6. குறியீடு பார்த்த வேலை

1960 பிப்ரவரி 13 அன்று பிரான்ஸ் தன் முதல் அணுகுண்டை அல்ஜீரிய சஹாராவில் ரெக்கான் என்ற ஊருக்கு அருகில் வெடித்தது. 70 கிலோடன். 1966 வரை சஹாராவில் மொத்தம் 17 வெடிப்புகள். முதல் குண்டின் ரகசியப் பெயர் 'நீல ஜெர்போவா'. ஜெர்போவா என்பது அந்தப் பாலையில் தத்திக் குதிக்கும் ஒரு சிறு கொறிணி. அங்கே உயிர் இருக்கிறது என்று தெரிந்தவர்கள்தான் அந்தப் பெயரை வைக்க முடியும். அமெரிக்கா 1945இல் நியூ மெக்சிகோவின் வறள்நிலத்தைத் தேர்ந்தெடுத்தது, பிரிட்டன் ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் மரலிங்காவை, சீனா 1964இல் லோப் நூரை, நாம் 1974இல் பொக்ரானை. வேறு எவ்வளவோ விஷயத்தில் ஒத்துப்போகாத அரசுகள், பாலைவனம் என்றால் யாரும் இல்லாத இடம் என்பதில் மட்டும் ஒரே கருத்தாக இருந்திருக்கின்றன.

அந்த 'யாரும் இல்லாத' இடத்தில் சாகிறவர்கள் பற்றி இரண்டு நூல்களை மட்டும் சொல்கிறேன். கஸ்ஸான் கனஃபானியின் 'வெயிலில் மனிதர்கள்' 1963இல் வந்தது. பாலஸ்தீன அகதிகள் மூவர் குவைத்துக்கு வேலை தேடிப் போகிறார்கள்; காலியான தண்ணீர் லாரியின் தொட்டிக்குள் ஒளிந்து, எல்லைச் சாவடியில் லாரி நின்ற நேரத்தில் வெந்து சாகிறார்கள். எழுத்தர்கள் ஓட்டுநரிடம் வம்பளந்து தாமதிக்கிறார்கள். கொன்றது அந்தச் சில நிமிடங்கள். மலையாளத்தில் பென்யாமின் 2008இல் எழுதிய 'ஆடுஜீவிதம்' நாவலில், வளைகுடாப் பாலையில் அடிமையாய் மாட்டிக்கொண்ட கதைநாயகன் ஆடுகளுக்குத் தன் ஊர்க்காரர்களின் பெயர்களை வைத்துக் கூப்பிடுகிறான். காம்யுவின் ஜானின் அங்கே போய் நிறைந்து திரும்பினாள். இவனுக்கு அப்போது திரும்பிவர வழியே இல்லை. ஆகவே ஊரையே அங்கே வரவழைக்கிறான்.

நம் நாட்டிலும் இந்தக் கண்ணோட்டத்துக்கு அரசாங்க முத்திரை உண்டு. 2000இல் மத்திய அரசு முதன்முதலாக வெளியிட்ட தரிசு நிலப் படத்தொகுப்பு, மேய்ச்சல் புல்வெளிகளையும் மணற்பரப்புகளையும் பயனற்ற நிலம் என்ற கணக்கில் கொண்டுவந்தது. வெள்ளையர் கால வருவாய்த்துறைப் பார்வையின் தொடர்ச்சி அது. மேற்கு ராஜஸ்தானில் ஊர்த் தெய்வத்தின் பெயரால் காக்கப்படும் ஓரண் நிலங்கள், நம் கோயில்காடுகள் போன்றவை, பலவும் பதிவேட்டில் தரிசாகவே இருக்கின்றன. அதே மேற்கு ராஜஸ்தானில்தான் 2,245 மெகாவாட் திறனுள்ள பட்லா சூரியமின் பூங்கா இருக்கிறது. சூரிய மின்சாரம் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. எந்த நிலம் காலி என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. அங்கே எஞ்சியிருக்கும் கானமயில்கள் மின்கம்பிகளில் மோதிச் சாகாமலிருக்க, கம்பிகளை நிலத்தடியில் பதிக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021இல் உத்தரவிட்டது. 2024இல் அந்த உத்தரவைத் தளர்த்தியது. இலக்கியத் துறைக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அந்த நிலத்தைக் காலி என்று நம்பவைத்ததில் இலக்கியத்துக்கும் பங்கு இருக்கிறது, ஆகவே வேலையும் இருக்கிறது.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஒப்பிலக்கியத் தாளில் 'பாழ்நிலம்' இருக்கட்டும், ஜரதுஷ்ட்ராவும் இருக்கட்டும். அவற்றின் பக்கத்தில் அல்-கோனியையும் முனிஃபையும் அனுபம் மிஸ்ராவையும் வைத்துப் பாடத்திட்டக் குழுவுக்கு எழுதுங்கள். பாலைத் திணையின் கருப்பொருள் பட்டியலையும் கூடவே வைத்து ஒருவர் ஆய்வேடு எழுதினால், அதைப் படிக்க நான் ஆவலாக இருக்கிறேன்.